மதிலோரத்து விஷ்ணுகிரந்தி

ஆறாம் வகுப்பில் ஒருநாள் நான் உளவாளியாக இருந்தேன். அது எனக்கே தெரியாது என்பதுதான் விசேஷம்.

காஞ்சன்பாக்கில், ராணுவ ஆராய்ச்சிக்கூட மதிலை ஒட்டியிருந்த அப்பாவின் அலுவலகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். மழை ஓய்ந்த ஆவணி மாதம். பாறை இடுக்குகளிலெல்லாம் பச்சை கசிந்துகொண்டிருந்தது. தானாக முளைக்கும் பத்து நாட்டுச் செடிகளை அடையாளம் கண்டு, அவை எங்கே வளர்கின்றன என்றும் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள் பள்ளியில். தினம் ஒரு கொத்தைக் கிள்ளி வருவேன். அம்மா தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் முகர்ந்தே தும்பை, குப்பைமேனி என்று பெயர் சொல்லிவிடுவாள். இடத்தைத்தான் எப்படி எழுதுவது? செடிகளுக்குக் கதவு எண் கிடையாதே. ஆகவே படம் வரைந்தேன். காவல் கோபுரத்தின் கீழே, ஈரச் சரளையில் தும்பை. இரண்டாம் வாசலுக்கு இடப்பக்கப் பாறை வெடிப்பில் ஆவாரை. அங்கிருந்து நாற்பது அடி எடுத்து வைத்தால், மதில் வளைகிற இடத்தில் விஷ்ணுகிரந்தி. அடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் காவலர் நோட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பித் தரவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அப்பாவை அலுவலகத்திலிருந்து வரவழைத்தார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் உண்மையிலேயே செடி இருக்கிறதா என்று பாதுகாப்பு அதிகாரி நேரில் பார்க்க வேண்டுமாம். இல்லையென்றால் படம் மேலிடத்துக்குப் போகும், அப்பாவின் வேலைக்கே ஆபத்து. இதெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர் என் பின்னால் செடி பார்க்க வருகிறார். தட்டான்கள் தலைக்குமேல் மிதந்தன. வெயிலும் நிழலும் பாறைகள்மேல் மெல்ல நகர, நாங்கள் தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்தோம்.

தும்பை இருந்தது. ஆவாரை இருந்தது. மதில் வளைவில் வெறும் புல்தான் தெரிந்தது.

"இதர் தோ குச் பீ நை," என்றார் அதிகாரி, இங்கே ஒன்றுமே இல்லை என்று.

அப்பா என்னைப் பார்த்தார். "நல்லாப் பாத்துச் சொல்லும்மா. இங்கதானா?"

"ஹவ்ப்பா, இங்கதான். காலைல நீலமாப் பூத்திருந்துச்சு. மத்தியானம் ஆனா மூடிக்கும்."

அப்பா அலுவலகப் பேண்ட்டோடு மண்டியிட்டுப் புல்லை விலக்கினார். பூவில்லாமல் விஷ்ணுகிரந்தியைக் கண்டுபிடிப்பது லேசில்லை. தரையோடு படர்ந்து, புல்லோடு புல்லாகக் கிடக்கும். ஆனால் இலையைத் தொட்டால் பூனைக்காது போல மெத்தென்று இருக்கும். தடவிக்கொண்டே போனேன். கிடைத்தது. அப்பாவின் விரலைப் பிடித்து இலைமேல் வைத்தேன். அவர் விரலை எடுக்காமல் அந்த இலையையே தடவிக்கொண்டிருந்தார். முதன்முதலாகத் தொட்டபோது நானும் அப்படித்தான் தடவிக்கொண்டே இருந்ததால் ஆச்சரியப்படவில்லை.

அதிகாரி குனிந்து, சுருண்டு கிடந்த ஒரு நீலப் பூவைப் பேனாவால் நிமிர்த்திப் பார்த்துச் சிரித்துவிட்டார். படமிருந்த பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு நோட்டைத் தந்தார். அப்பா அவருக்கு மூன்று முறை நன்றி சொன்னார். வீடு வரும்வரை என் கையை விடவில்லை. செடிகளை இவ்வளவு பிடிக்கும் என்பதை இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாரே என்று எனக்கு வருத்தம்கூட.

அம்மா கொடுத்த காபியைத் தொடாமல் அவர் உட்கார்ந்திருந்தார். நான் ஒட்டி உட்கார்ந்து, மூன்றாம் வாசல் பக்கம் இதைவிட நிறைய இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று கேட்டேன்.