ஆணி அடிக்காமல் வந்த வெளிச்சம்

இந்த ஊரில் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால், வீட்டில் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா என்று முதலில் விசாரிக்கிறார்கள். இருந்தால் சுத்தியல் பரணுக்குப் போய்விடும். சுவரை உடைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். ரங்கூனிலேயே தங்கிவிட்ட நண்பர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே நமக்குப் பலகைச் சுவர். காலண்டர் மாட்ட நினைத்தால் மாட்டினோம், யாரைக் கேட்டோம்? திருத்தணியில் பெரிய நைனாவைக் கேட்க வேண்டும். என் அப்பாவின் அண்ணன்; என்னையும் செல்லமாக நைனா என்றே கூப்பிடுவார். யுத்தத்தில் பர்மாவிலிருந்து நடந்து வந்த நானும் என் மனைவி சம்பூர்ணமும் அவர் வீட்டில்தான் இருக்கிறோம்.

யுத்தம் ஓய்ந்து எங்கள் தெருவுக்கும் மின்சாரக் கம்பம் வந்தது. போன மழையில் காரை உதிர்ந்த சுவர்களையும் கையோடு பார்த்துவிடலாம் என்று முடிவானது. ரங்கூனில் நான் வயரிங் வேலை செய்தவன். கொத்தனார் கோவிந்தனும் நானும் உட்கார்ந்து வேலையை வரிசைப்படுத்தினோம். முதலில் சுவரைக் கொத்தி மரக்கட்டைகளைப் பதிப்பது. பிறகு சுண்ணாம்புக் காரை பூசுவது. அது நன்றாகக் காய்ந்ததும் கட்டைகளின் மேல் மரச்சட்டம் அடித்துக் கம்பி இழுப்பது. வரிசை மாறினால் பூசிய சுவரையே உடைக்க நேரும். எல்லாம் பேசி முடித்த மறுநாள் காலை சம்பூர்ணம் வாந்தியெடுத்தாள்.

பெரிய நைனா உளியை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். "பூசறதுன்னா பூசிக்கோ நைனா. ஒடைக்கிறதுதான் ஆவாது. கரண்டெல்லாம் புள்ள பொறந்தப்புறம் பாத்துக்கலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் முதல் பிள்ளை பர்மாக் காட்டுப் பாதையில், விமானத்துக்குப் பயந்து தீக்குச்சிகூடக் கிழிக்காத இருட்டில் பிறந்தது. அழவில்லை. கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது, முகம் பார்க்காமலே மண்ணில் வைத்துவிட்டு நடந்தோம். இந்தப் பிள்ளையாவது வெளிச்சத்தில் பிறக்க வேண்டும். எனக்குக் கரண்ட் வேண்டியிருந்தது அதற்குத்தான்.

பெரிய நைனாவே ஒரு வழி சொன்னார். "பொதட்டூர்பேட்டையில நம்ம சொந்தக்காரங்க வூட்ல கொஞ்ச நாளு இருக்கட்டும். அவ வூட்ல இல்லாதப்ப ஒடைச்சா தோஷம் ஏது?"

"ஒரு வூட்ட வுட்டு எறங்கினது போதும் மாமா," என்றாள் சம்பூர்ணம். "இனிமே நான் எங்கியும் போ மாட்டேன்." அவரும் வற்புறுத்தவில்லை.

ஐப்பசி மழைக்கு முன் சுவர் தயாராக வேண்டும் என்பதால் கோவிந்தன் பூசத் தொடங்கினார். வீடெங்கும் ஈரச் சுண்ணாம்பின் வாசனை. மத்தியான நேரங்களில் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே படுத்திருந்தால், நதிப் பனி சூழ்ந்த ரங்கூன் வீட்டில் கிடப்பதுபோல இருக்கும். பனிக்குள் யாரோ பர்மிய மொழியில் பேரம் பேசுவார்கள். கண் விழித்தால் மலைக்குப் போகிறவர்களின் அரோகரா கேட்கும். எந்த ஊர் கனவு என்று பிடிபடக் கொஞ்ச நேரமாகும்.

அப்படியொரு மத்தியானம் சம்பூர்ணம் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்: "ஏங்க, செவுத்துலதான கூடாது? அந்த உத்தரத்துல மாட்டினா?"

"அதுலயும் ஆணி அடிக்கணுமே."

"அடிக்காம திருகினா?"

பெரிய நைனாவிடம் போய்க் கேட்டேன். "அடிக்கக் கூடாதுன்னுதான் எங்க பெரியவங்க சொன்னாங்க. திருகறதப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல," என்றவர், "ஆங், திருகிக்கோ. சத்தம் மட்டும் வரக் கூடாது," என்றார்.

ஜன்னல் சட்டம் வழியாகக் கம்பியைக் கொண்டுவந்து, உத்தரத்தோடு ஓட்டி, சுவிட்சைக் கதவு நிலையில் வைத்தேன். சுவரைத் தொடவேயில்லை. திருகாணி இறங்க மறுத்தது, மணிக்கட்டு விட்டுப்போனது. கீழே காவலுக்கு நின்ற பெரிய நைனா, "பர்மா தேக்கு நைனா, சுளுவுல எறங்காது," என்றார். என் கை நின்றுவிட்டது. அந்த நாட்டிலிருந்து நாங்கள் வெறுங்கையோடு வந்தோம். அதன் மரம் எங்களுக்கு முன்பே கப்பலேறி வந்து இந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஏணியில் நின்றபடியே அழுதேன்.

பங்குனியில், விடிகிற நேரத்தில், அந்த விளக்கின் கீழ் பெண் பிறந்தாள். வீறிட்டு அழுதாள். "விடிஞ்சிடுச்சே, லைட்ட நிறுத்திடட்டுமா?" என்று மருத்துவச்சி கேட்டாள்.

"வேணாம், எரியட்டும்," என்றாள் சம்பூர்ணம். குழந்தையின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏங்க, அதுக்கும் இந்த மூக்குதான் இருந்திருக்குமா?"

அன்று பகல் முழுவதும் விளக்கு எரிந்தது.