தவில்காரரின் இடது கை

இரண்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம் அது. பட்டுக்கோட்டையில் ஒரு ஹோட்டல் திறப்பு விழா. நல்ல நேரம் பத்தரை மணிக்கு. நான் எட்டு மணிக்கே போய் நின்றுவிட்டேன். பந்திக்கு முந்தும் ஆள் இல்லை நான். அந்த ஹோட்டல் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த ‘எங்கள் கதை’ என் கைவேலை. வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பாராட்டுவதைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்று ஆசை.

எனக்குத் தஞ்சாவூரில் டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, மெனு கார்டு என்று இருபத்தைந்து வருடமாக இதே பிழைப்பு. சின்ன வயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். மேடை ஏறும் அளவுக்குக் கை வரவில்லை. ஆனால் யாராவது பாட்டு, தாளம் என்று பேச்சை எடுத்தால் நடுவில் புகுந்து திருத்தாமல் இருக்க முடியாது. “உங்களக் கேட்டாங்களா?” என்று என் மனைவி வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்பாள். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

இந்த ஹோட்டல் வேலை கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. காரணம், அது சங்கீத ஹோட்டல். திருவையாறு போகிற சாலையில் ஒரு மெஸ்ஸாகத் தொடங்கி, பிறகு தஞ்சாவூர், கும்பகோணம் என்று வளர்ந்து, பட்டுக்கோட்டை நாலாவது கிளை. அங்கே சாப்பாட்டுக்குத் தாளத்தின் பெயர்தான். ஆதி தாளச் சாப்பாடு என்றால் இலையில் எட்டு வகை. மிஸ்ர சாப்பு என்றால் ஏழு. காலையில் கண்ட சாப்பு டிபன் கேட்டால் இட்லி, வடை, பொங்கல், கேசரி, காபி என்று ஐந்து வரும். ஓரமாக நாகஸ்வரமும் தவிலும் மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பேசுகிறவர்களின் பேச்சைக் கெடுக்காது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கையில் வாத்தியத்தோடு யார் உள்ளே நுழைந்தாலும் முதல் இலை அவர்களுக்குத்தான். எத்தனை கூட்டம் காத்திருந்தாலும் சரி. முகூர்த்த நாளில் நானே முக்கால் மணி நேரம் நின்றுகொண்டிருக்க, தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர் என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறார். கலைஞர்களுக்கு எவ்வளவு மரியாதை என்று அன்றைக்கு மெய்சிலிர்த்தேன். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

மெஸ்ஸைத் தொடங்கியவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நடத்துவது அவருடைய மகள். படித்த பெண், பேச்சிலும் வேலையிலும் படு சுறுசுறுப்பு. “எங்கப்பா தவில் வித்வான் சார். நாலு பேருக்குச் சாப்பாடு போடறதுல அவருக்கு அப்படி ஒரு ஆச. அதான் மெஸ் வச்சாரு” என்று கதையைச் சொல்லி, ஒரே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினார். அப்பா தவில் வாசிக்கிற மாதிரி வீட்டில் இருந்தது அது ஒன்றுதானாம்.

படத்தில் ஒல்லியான ஓர் இளைஞர், கழுத்தில் தவில் மாட்டி, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். பின்னால் பந்தல் கால், ஏதோ ஒரு கடை. பார்க்க லட்சணமாக இல்லை என்று முதல் வேலையாகப் பின்னணியை வெட்டி எறிந்துவிட்டு, அங்கே ஒரு கோபுரத்தை வைத்தேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். தவிலில் ஒரு பக்கம் விரல்களில் கெட்டியான கூடு மாட்டி வாசிப்பார்கள், மறுபக்கம் குச்சி. குச்சி வழக்கமாக இடது கையில் இருக்கும், நுணுக்கமான விரல் வேலை வலது கைக்கு. இந்தப் படத்திலோ வலது கையில் இருந்தது.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவை மாற்றிப் போட்டுப் பிரதி எடுத்துவிடுவார்கள். அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். கணினியில் ஒரே ஒரு சொடுக்கு. படம் இடம் வலமாகத் திரும்பியது, குச்சி இடது கைக்கு வந்தது. வேறு யாராவது இதைக் கண்டுபிடித்திருப்பார்களா என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். போதாததற்கு, ‘வலது கை விரல்களால் ஊரை மயக்கியவர், அதே கையால் ஊருக்குச் சோறு போட்டார்’ என்று ஒரு வரியும் எழுதினேன். மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் “சூப்பர் சார்” என்று பதில் வந்தது.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். எட்டரை மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. மகள் இறங்கினார், பின்னாலேயே அவருடைய அம்மா. எழுபதைத் தாண்டிய அம்மா. இன்றைக்கும் முதல் மெஸ்ஸின் அடுப்படி அவர் பொறுப்புதான், வெளியே அதிகம் வரமாட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். உள்ளே வந்தவர் நேராகச் சுவருக்குப் போனார். நான் பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இரண்டடி முன்னால் போய் நின்றேன்.

“இது யாரு தம்பி?” என்றார்.

“உங்க வீட்டுக்காரர்தாம்மா.”

“இல்லியே. அவரு குச்சிய வலது கையிலதான புடிப்பாரு.”

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. மிருதங்கம் கற்ற பெருமையோடு, நெகட்டிவ் என்றால் என்ன, அது எப்படித் திரும்பும், அதை நான் எப்படிக் கண்டுபிடித்துச் சரி செய்தேன் என்று அந்த அம்மாவுக்கு விளக்கினேன். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த மனிதரோடு குடித்தனம் செய்தவருக்கு, அவருடைய கை எது என்று நான் பாடம் நடத்தினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “அவரு இடது கைக்காரரு தம்பி. உசுரோட இருந்தப்ப எத்தனையோ பேரு கைய மாத்தச் சொன்னாங்க. அவரு மாத்திக்கல. இப்ப நீங்க மாத்திட்டீங்க.”

மகள் அதிர்ந்து போய் நின்றார். அப்பா சாப்பிட்டதும் பரிமாறியதும் எல்லோரையும் போல வலது கையால்தான். அவர் தவில் வாசித்து மகள் பார்த்ததே இல்லை. அம்மா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாணமான புதிதில் நடந்ததைச் சொன்னார்.

கணவர் தவில் கற்றுக்கொண்ட காலத்தில் ஆறு மாதம் வலது கைக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார். கை வரவில்லை. குரு, சரி போ என்று விட்டுவிட்டார். வாசிப்பில் குறை சொல்ல ஆள் இல்லை. ஆனால் ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், மங்கள வாத்தியத்தை இடது கையால் வாசிப்பதா, தாலி கட்டும் நேரத்தில் இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நாகஸ்வரக்காரரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. இவரைப் பின்னால் போய் உட்காரச் சொன்னார்கள். பின்னால் என்றால் சமையல் கொட்டகை. அங்கே ஆள் பற்றாக்குறை, சாம்பார் அடி பிடிக்கப் போகிறது என்று சமையல்காரர் கத்திக்கொண்டிருந்தார். இவர் பட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கரண்டியை வாங்கிக் கிண்டத் தொடங்கினார்.

“அங்க யாரும் எந்தக் கைன்னு கேக்கலன்னு வீட்டுக்கு வந்து சொன்னாரு” என்றார் அந்த அம்மா.

அன்றைக்கு மேளக்காரர்களுக்கு இலை போட்டது நாலு பந்தி முடிந்த பிறகு. குழம்பு தீர்ந்து ரசம் மட்டும் மிச்சம். வாத்தியத்தோடு வருகிறவனுக்கு முதல் இலை போடுகிற மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று அவர் அப்போது சொன்னதுதான் பிறகு மெஸ் ஆனது. அதன் பிறகு அவர் பந்தலில் வாசிக்கவில்லை. விடியற்காலையில் வீட்டுக்குள் வாசிப்பதோடு சரி, அதுவும் மகள் பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. மகள் வருத்தப்படுவாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. சுவரில் இருக்கும் படம் அதே கல்யாணத்தில், காலையில், அவரை எழுப்பி அனுப்புவதற்கு முன்னால் எடுத்தது.

மகள் அழுதுகொண்டிருந்தார். அம்மா அழவில்லை. “இதுக்கு முன்னாடி நின்னு நான் வெளக்கேத்த மாட்டேன்” என்று மட்டும் சொன்னார். மணி ஒன்பது. விருந்தாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

நான் வண்டியை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பேனர் கடை திறந்திருந்தது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் நண்பர். நண்பர் என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்கு முன்பின் தெரியாதவர். மெஷினில் ஒரு நிக்காஹ் பேனர் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னேன். “இருங்க சார், அது பன்னெண்டு மணிக்குத்தான்” என்று ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, என் மெயிலைத் திறக்கச் சொன்னார்.

நான் வெட்டாத, திருப்பாத அசல் படம் திரையில் வந்தது. அவர் ஒரு நொடி பார்த்தார். “ஏன் சார், பின்னாடி சோடா கடை போர்டு எழுத்து நேராத்தான இருக்கு? படம் திரும்பியிருந்தா எழுத்தும்ல திரும்பியிருக்கும்?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. லட்சணமாக இல்லை என்று நான் வெட்டி எறிந்த பின்னணியில்தான் பதில் இருந்தது. மிருதங்கம் தெரியாத, தவிலைத் தொட்டுப் பார்க்காத ஒருவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது, ஆறு வருடம் தாளம் போட்ட எனக்குத் தெரியவில்லை.

படத்தைப் பந்தல் காலோடும் சோடா கடையோடும் அப்படியே அச்சடித்தார். ஒட்டுவதற்கு ஓர் ஆள் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, கடையைச் சாத்திவிட்டுத் தானும் வந்தார். பத்தேகாலுக்குப் பழைய படத்தின் மேல் புதியது ஏறியது. நான் எழுதிய அந்த அலங்கார வரியின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டினேன். அங்கே என்ன எழுதட்டும் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அந்த வேலையில் நான் யாரிடமாவது கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“இடது கைக்காரரு. அதனாலதான் இந்த ஹோட்டலு. அவ்வளவு போதும்” என்றார்.

மார்க்கர் பேனாவால் கையாலேயே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அம்மா எழுந்து வந்து படத்துக்கு முன்னால் நின்றார். புடவைத் தலைப்பால் படத்தின் ஓரத்தை ஒரு முறை துடைத்தார். பிறகு விளக்கை ஏற்றினார். திறப்பு விழாவுக்கு வாசிக்க வந்திருந்த மேளக்காரர்கள் நாலு பேரும் முதல் பந்தியில், முதல் இலைகளில் உட்கார்ந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் நின்றுகொண்டு காத்திருந்தார்கள். மெய்சிலிர்க்கும் மரியாதை என்று நான் நினைத்திருந்தது உண்மையில் யாருடைய பசி என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மற்ற மூன்று கிளைகளுக்காக அச்சடித்து என் கடையில் சுருட்டி வைத்திருந்ததை எல்லாம் கிழித்துப் போட்டேன். இப்போது நாலு கிளையிலும் சோடா கடையோடு இருக்கிற படம்தான் இருக்கிறது, கீழே அந்த அம்மாவின் வார்த்தைகள். போன ஆவணியில் கும்பகோணம் கிளையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தவிலோடு வந்த ஒருவர் அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து இலையை இடது கையால் துடைத்தார். அவரிடம் போய்க் கதையை விளக்க வேண்டும் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. எழுந்திருக்கவில்லை.

தொழிலை நான் விடவில்லை, விடவும் முடியாது. ஆனால் இன்றைக்கும் ஒரு படத்தைத் திருப்புகிற அந்தச் சொடுக்குக்கு முன்னால் என் விரல் நின்றுவிடுகிறது. இதில் இருக்கிறவரைத் தெரிந்த ஒருவரையாவது கேட்டாயா என்று, இப்போதெல்லாம் மனைவிக்கு முன்பே நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.