தாயே மரம் என்று சொன்ன பிள்ளை

தங்கமுத்தக்காவின் கருவாட்டைக் குறை சொல்லிவிட்டுப் பருத்தித்துறைச் சந்தையிலிருந்து முழுசாக வெளியே வந்தவர் எவருமில்லை. "உப்புக் கூடிப்போச்சுப் போலை" என்று ஒருவர் வாயெடுத்தால் போதும்.

"உப்புக் கூடினதோ? ஐயா, பழுது உங்கடை நாக்கிலை. உந்தப் பாரைக் கருவாட்டை ஒருக்கா மணந்து பாருங்கோ. கனடாவுக்குப் பாசல் போற சாமான். வாங்கிறேல்லையெண்டால் விலகி நில்லுங்கோ, கருவாட்டிலை வெயில் படட்டும்."

இதைச் சொல்லிக் காட்டுவதானால் குரலை மூக்குக்கு ஏற்றி, கடைசிச் சொல்லைக் குத்தி இறக்க வேண்டும். அப்போதுதான் அது தங்கமுத்தக்கா.

அதே வாய், ஒரே மகன் செந்தூரனைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் தலைகீழாகிவிடும். "உவனோ? நிண்டா மரம், ஓடினா மாடு. உவனுக்கு இடக்கால் எதுக்குக் கிடக்குதெண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

செந்தூரனின் இடக்கால் எதற்குக் கிடக்கிறது என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். மைதானத்தின் இடது ஓரத்தால் அவன் பந்தோடு இறங்கினால், மறிக்க வந்தவர்கள் இல்லாத பந்தைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். அது தாய்க்கும் தெரியும். தெரிந்தபடியால்தான் திட்டினார். பெற்ற பிள்ளையை நாலுபேர் முன்னால் புகழ்ந்தால் கண்பட்டு நாவூறு வந்துவிடும். ஓட்டோ ஓட்டும் சுதாகரன் ஒருமுறை வாய் தவறி, "அக்கா, உங்கடை பெடியன்ரை அடியெண்டால் அடிதான்!" என்று சொல்லிவிட்டான். அடுத்த கிழமை செந்தூரனுக்கு முழங்கால் பிசகியது. பிறகு கனநாள் சுதாகரன் சந்தைப் பக்கம் ஓட்டோவைத் திருப்பவில்லை. திருப்பினால், பயணிகளோடு சேர்த்துத் திட்டு விழும். அன்றிலிருந்து செந்தூரனை அக்கா முன்னால் புகழ ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வடக்கில் தொழில்முறை உதைபந்தாட்ட லீக் தொடங்கியது. எங்கள் ஊருக்கும் ஓர் அணி: முனைச் சுறாக்கள். ஊர்க்காரரை வைத்து ஊர் அணி கட்டுகிற பழைய முறை இதில் இல்லை. எல்லா வீரர்களின் பெயரும் ஒரே பட்டியலில் கிடக்கும். ஒவ்வோர் அணியும் முறை வைத்து ஒருவர் ஒருவராகத் தெரிவு செய்யவேண்டும். ஒருமுறை பெயர் சொன்னால் சொன்னதுதான்.

எங்கள் அணிக்குத் தெரிவு செய்ய வந்தவர் றோகான். மிஷன் பள்ளிக்கூடக் குடும்பத்தவர். பிறந்தது இங்கே, வளர்ந்தது கொழும்பில். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பதுபோலக் கதைப்பார். தெரிவுக்கு முன்னர் அவர் கடற்கரை வீதியில் இருக்கும் கழகத்துத் தகரக் கொட்டிலுக்கு வந்தார். பின்னேரத்தில் எங்கள் ஊரின் உதைபந்தாட்ட நீதிமன்றம் அங்கேதான் கூடும். வெறும் பனையோலைக் கடகத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மீன்பெட்டியொன்றைக் கவிழ்த்து அதன்மேல் இருப்பார் தங்கமுத்தக்கா. அவருடைய தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

"அன்ரி, உங்களுக்குத்தான் விளையாட்டு நல்லாத் தெரியுமாம். உங்கடை மகன் எப்படி? உண்மையைச் சொல்லுங்கோ" என்றார் றோகான்.

வெளியூர்க் கண், பெரிய ஆளின் கண், நேரே பிள்ளையைக் குறிவைக்கும் கண். அக்கா வழமையைவிட இரண்டு அகப்பை கூடப் போட்டார்.

"ஐயோ தம்பி, அவனைக் கேளாதேங்கோ. மரம். இடக்காலும் அப்பிடித்தான், வலக்காலும் அப்பிடித்தான். அந்த முழங்கால் வேறை இன்னும் நேராகேல்லை. மழை தூறினா வீட்டை ஓடிவந்து போர்த்துக்கொண்டு படுத்திடுவான்."

முழங்கால் எப்போதோ சுகமாகிவிட்டது. கொட்டிலில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். சுதாகரன் கூரையைப் பார்த்தான். வயதில் மூத்த ஏரம்பண்ணை செருமிவிட்டுக் கடலைப் பார்த்தார். றோகான் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தெரிவு நாளன்று கொட்டிலில் தொலைக்காட்சி பூட்டப்பட்டது. முனைச் சுறாக்களின் முதல் முறை வந்தது. திரையில் றோகான் எழுந்தார். செந்தூரனின் பெயர் வரும் என்று சுதாகரன் சீனவெடிக் கட்டையே கையில் வைத்திருந்தான்.

"ஜெயதீபன், அச்சுவேலி."

 கொட்டிலில் கூச்சல் கிளம்பியது.

"ஆரவன்?"

"பின்னுக்கு நிண்டு மறிக்கிறவனாம். சரியான நெட்டை."

"அச்சுவேலித் தோட்டத்திலை காகம் கலைக்கிற வெருளி ஒண்டைக் காணேல்லையாம். தேடவேண்டாமெண்டு போன் அடிச்சுச் சொல்லுங்கோ, இஞ்சை கிடக்குது" என்றார் தங்கமுத்தக்கா.

ஏரம்பண்ணை முன்னாள் கப்பல்காரர். அவருடைய வசனம் ஒவ்வொன்றும் ஒரு துறைமுகத்தில்தான் தொடங்கும், நங்கூரம் ஏறுகிற வேகத்தில். "நான்... ஹாம்பேர்க்கிலை... கப்பல் நிக்கேக்கை... ஒரு மட்ச் பார்த்தனான். அங்கை... உவனை மாதிரி ஆக்களை... கொடிக்கம்பத்துக்குத்தான் பாவிக்கிறவை."

எங்கள் அடுத்த முறையில் கோல்காப்பாளர் லோஜன்.

"உவனோ! பந்தைப் பிடியடா எண்டால் ஐஸ்கட்டியைப் பிடிக்கிற மாதிரிப் பிடிப்பான். கையிலை நிக்காது" என்று சுதாகரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆளும் கட்டை. மேல் கம்பத்துக்கு ஏணி குடுப்பினமோ?" இது அக்கா.

அதற்கடுத்தது யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை அணியின் முறை. அவர்களின் ஆள் எழுந்து, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செந்தூரன், பருத்தித்துறை."

அக்காவின் வாயில் வெற்றிலை பாதியில் நின்றது. சுதாகரன் சீனவெடியை மெல்லச் சட்டைப்பைக்குள் வைத்தான். எங்கள் செந்தூரன், முழங்கால் தண்ணியில் வலை வீசுகிற பரவைக்கடல்காரருக்கு!

மறுநாள் பின்னேரம், அணியின் புதுச் சட்டைகளைக் காட்டலாம் என்று றோகான் சிரித்த முகத்தோடு கொட்டிலுக்கு வந்தார். சட்டைகள் இருந்த பையை ஒருவரும் அவிழ்க்க விடவில்லை.

"உமக்குக் கண் கிடக்குதோ, புண் கிடக்குதோ?" என்று சுதாகரன் மறித்தான். "ஊர்ப் பெடியன், கையிலை கிடந்த பெடியன்! அவனை விட்டுட்டு வெருளியும் ஐஸ்கட்டியும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்!"

"கொழும்பிலை படிச்சவராம்! என்னத்தைப் படிச்சவர்?" என்று பின்னால் ஒரு குரல்.

றோகான் வெளிறிப் போனார். "நான் விசாரிச்சுத்தானே செய்தனான். அவர் சரிவரமாட்டார், முழங்காலும் பிழையெண்டு... அவரின்ரை அம்மாவே சொன்னவ. உங்கள் எல்லாருக்கும் முன்னாலைதானே சொன்னவ? ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லையே. தன்ரை பிள்ளையைக் குறைச்சுச் சொல்லுற தாய் பொய் சொல்லுவாவோ?"

கொட்டில் முழுக்கத் தங்கமுத்தக்காவின் பக்கம் திரும்பியது.

"என்னத்துக்கு என்னைப் பாக்கிறியள்?" அக்கா எழுந்துவிட்டார். "தாய் அப்பிடித்தான் சொல்லுவாள். அண்டைக்கு உங்கடை வாயிலை என்ன கொழுக்கட்டையோ கிடந்தது?"

"நாங்கள் சொன்னா எங்களைச் சும்மா விட்டிருப்பீங்களோ? ஒருக்காச் சொல்லி நான் பட்டது காணாதோ?" என்று சுதாகரன் சீறினான். "ரீமைக் கெடுத்தது உங்கடை வாய் அக்கா!"

கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் செந்தூரன் பை கட்டிக்கொண்டிருந்தான். கொழும்புத்துறையில் வீரர்களுக்கென்று ஒரு வீடு எடுத்திருந்தார்கள்.

"றோகான் அண்ணை உங்களிட்டைக் கேட்டவராமே?"

"கேட்டவர்."

"என்ன சொன்னீங்கள்?"

"வழமையாச் சொல்லுறதைத்தான்."

"முழங்காலும் வழமைதானோ?"

அக்கா அடுப்பைக் கிண்டினார். அதில் நெருப்பே இருக்கவில்லை.

"ஊர்ச் சட்டையைப் போடவேணுமெண்டு எத்தினை வருசமாக் கிடந்து அடிச்சனான்?" என்றான் செந்தூரன். "ஒருக்கா. ஒரே ஒருக்கா, என்ரை பிள்ளை விளையாடுவான் எண்டு சொன்னா வாய் அவிஞ்சு போமோ?"

"நாவூறு படும், மோனை."

"சொல்லாமல் விட்டு இப்ப என்ன பட்டது?" பையைத் தோளில் எறிந்தான். "இனி என்ரை பேரை உங்கடை வாயாலை எடுக்காதேங்கோ. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்."

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. போன் அடித்தால் எடுத்து, "சாப்பிட்டனான்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். சந்தையில் அக்கா கருவாட்டைப் புகழ்வதை நிறுத்தினார். உப்புக் கூடிப்போச்சென்று ஒருவர் சொன்னதற்கு, "இருக்கும்" என்றாராம். கேட்டவர் பயந்து இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.

கொழும்புத்துறை அணி எங்கள் மைதானத்துக்கு விளையாட வந்தது. செந்தூரன் காலடி வைத்த நேரத்திலிருந்து ஊரே அவனைக் கேலி செய்து கூவியது. பெற்ற ஊர் இப்படிக் கூவி நான் கேட்டதில்லை.

"பரவைக்கடல் நண்டு!"

"முழங்கால் சுகமோடா? போர்வை கொண்டு வந்தனியோ?"

தங்கமுத்தக்கா கோல் கம்பத்துக்குப் பின்னால், வழமையான இடத்தில் மீன்பெட்டியில் இருந்தார். வாய் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அப்போது செந்தூரன் இடது ஓரத்தால் இறங்கிக் கோல் எல்லைக்குள் புகுந்தான். ஜெயதீபன் காலைப் போட்டான். காலில் பட்டதே ஒழிய, பந்தில் படவில்லை. நடுவர் பெனால்டிக்குக் கையைக் காட்டினார்.

"வெருளிக்கு ஆரடா கால் வைச்சது!" என்று சுதாகரன் அலறினான். பந்தை வைப்பது செந்தூரன் என்று கண்டதும் அக்காவிடம் ஓடிவந்தான். "அக்கா, சொல்லுங்கோ! மரமெண்டு கத்துங்கோ! உங்கடை குரல் கேட்டால் அவனுக்குக் கால் உதறும். ஊருக்காக ஒருக்கா!"

"சொல்லு பிள்ளை" என்றார் ஏரம்பண்ணை. அவசரத்தில் துறைமுகம் ஒன்றும் வரவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். "தங்கமுத்தக்கா! தங்கமுத்தக்கா!" செந்தூரன் பந்தின் முன்னால் குனிந்தபடி நின்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியும், என்ன வரப்போகிறதென்று.

அக்கா மீன்பெட்டிமேல் ஏறி நின்றார். மைதானம் அடங்கியது.

"டேய் தம்பி லோஜன்! இஞ்சை கேள்! அடிக்கிறவனுக்கு வலப்பக்கம், கீழை, கம்பத்தோடை. அங்கைதான் அடிப்பான். சின்னனிலை இருந்து அங்கைதான். நான் கருவாடு காயப்போடுற பரணின்ரை வலக்காலை அடிச்சு அடிச்சு முறிச்சவன். இப்பவே போய் அந்தப் பக்கம் படு!"

ஊர் ஆர்ப்பரித்தது. சுதாகரன் துள்ளினான். அக்கா கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ, இன்னும் முடியேல்லை! படுத்தாலும் உன்னாலை பிடிக்கேலாது, லோஜன். ஏனெண்டால் அடிக்கிறது என்ரை பிள்ளை! இந்த முனையிலை உப்பிடி ஒரு இடக்கால் ஒருத்தனுக்கும் இல்லை. இருந்தாக் காட்டுங்கோ பாப்பம்!"

கடைசிச் சொல்லை வழமைபோலக் குத்தி இறக்கினார். செந்தூரன் அப்போதுதான் நிமிர்ந்தான். தாயைப் பார்த்தான். நடுவர் ஊதினார்.

அவன் இடத்தை மாற்றவில்லை. வலப்பக்கம், கீழே, கம்பத்தோடு. லோஜன் சொல்கேட்டுப் பாய்ந்து பந்தில் கையும் வைத்துவிட்டான். பந்து அவன் விரல்களைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு வலைக்குள் போய் விழுந்தது.

"தாயும் பிள்ளையும் சேர்ந்து ஊரை வித்துப்போட்டியள்!" சுதாகரனுக்குத் தொண்டை கிழிந்தது. எங்கிருந்தோ ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்து வந்தது.

"நான் எந்த... துறைமுகத்திலையும்... உப்பிடி ஒரு மனிசியைக் காணேல்லை" என்றார் ஏரம்பண்ணை.

 அக்காவுக்கு வேறு பயம் பிடித்திருந்தது. ஊர் முழுக்கப் பார்த்திருக்கப் பிள்ளையைப் புகழ்ந்தாயிற்று. விசில் ஊதி ஆட்டம் முடியுமுன்னரே மீன்பெட்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

இருள் இறங்குகிற மைம்மல் நேரம் செந்தூரன் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுடைய அணியின் பஸ் சந்தியில் நின்று கோண் அடித்தது. முற்றத்தில் சிரட்டை நெருப்பு மூட்டி, கைநிறைய உப்பும் செத்தல் மிளகாயும் வைத்துக்கொண்டு நின்றார் அக்கா.

"இரு."

அவன் பரணுக்குப் பக்கத்தில் குந்தினான். அக்கா தலையைச் சுற்றி, கால்வரை இறக்கி, எல்லாவற்றையும் நெருப்பில் போட்டார். உப்பு வெடித்தது. மிளகாய் கருகியது. மணமில்லை. நாவூறு கடுமையாகப் பட்டிருந்தால் மிளகாய் கமறாது, அது கழிந்த பிறகுதான் கமறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"பாத்தியே? ஒரு துளி மணமில்லை. எவ்வளவு கண்ணெண்டு பார்."

"கண்ணில்லை. உங்கடை வாய்தான்" என்றான் செந்தூரன்.

"ஓம். என்ரை வாய்தான்."

பஸ் மறுபடியும் கோண் அடித்தது. அவன் எழுந்து பையை எடுத்தான்.

"அடுத்த மட்ச் எங்கடை கிறவுண்டிலை. கொழும்புத்துறைக்கு பஸ் இருக்கு." படலையடியில் நின்று திரும்பினான். "வந்தா வாயைத் திறக்காமல் இருக்கவேணும்."

"ஏனடா?"

"எந்தக் கம்பத்துக்கு அடிப்பனெண்டு அங்கையும் சொல்லிப்போடுவீங்கள்."

"போடா, மரம்!" என்றார் தங்கமுத்தக்கா. "சப்பாத்தோடை முற்றத்தை உழுதுபோட்டு நிக்கிறாய்."

அவன் போன கையோடு, திட்டித் தீர்ப்பதற்கென்றே ஓட்டோவைக் கொண்டுவந்து படலையில் நிறுத்தினான் சுதாகரன். "அக்கா! ஊரை வித்த காசிலை என்ன கறி..." என்று தொடங்கியவனுக்கு மேலே போகவில்லை. இருமினான். கண்ணைக் கசக்கினான். இன்னும் இருமினான். முற்றத்து மிளகாய் அப்போதுதான் கமறத் தொடங்கியிருந்தது.