மாரீஸ்வரி சுமந்த புகார்

மும்பை செம்பூரில் எங்கள் அரசு அலுவலகத்தில் மாரீஸ்வரி பியூனாகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. தாராவிக்காரி. இதே அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்த கணவன் இறந்ததும் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. அவளைத் தவிர அங்கே தமிழ் பேசும் ஆள் நான் ஒருவன்தான். மாட்டுங்கா வானமாமலை, கிளார்க்.

சேர்ந்த புதிதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். மற்ற பியூன்கள் டீ போடுவார்கள், தண்ணீர் பாட்டில் நிரப்புவார்கள். இவளிடம் யாரும் கேட்பதில்லை. "பொம்பளன்னு பாவம் பாக்காவ போல சார்" என்றாள். கழிவறைச் சாவிக்கொத்து மட்டும் எப்போதும் அவள் இடுப்பில் தொங்கியது. விஷயம் அவளுக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. எனக்கு முதல் நாளே புரிந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.

புரிந்தபின் அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. மராத்தி டைப்பிங் கற்றாள், கிளார்க் தேர்வு எழுதித் தேறினாள். கிளார்க் ஆகிவிட்டால் சாவி இடுப்பைவிட்டு இறங்கும். ஆனால் அவளுக்குப் பின்னால் தேறிய இரண்டு பேருக்கு நாற்காலி வந்தது. கேட்டதற்கு, "பாத்ரூமை யார் பார்ப்பது? உங்கள் ஆட்களுக்குப் பழக்கம்தானே" என்று மராத்தியில் சிரித்தார் எங்கள் சூப்பரின்டென்டென்ட்.

"எழுதிக் குடும்மா, இதுக்குன்னே கமிட்டி இருக்கு" என்று தைரியம் சொன்னவன் நான்தான். அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. நாற்பத்தைந்து தாண்டினால் அந்தப் பதவி உயர்வு கிடையாது.

எங்கள் அலுவலகத்தில் எந்தக் காகிதமும் பியூன் கையில்தான் நகரும். தன் புகாரை அவளே எல்லா மேஜைக்கும் கொண்டுபோனாள். கமிட்டி அதைக் கருத்துக் கேட்டு யாருக்கு அனுப்பியது? சாட்சாத் அதே சூப்பரின்டென்டென்டுக்கு! அவர் மேஜையிலும் அவளே கொண்டுபோய் வைத்தாள். தினமும் காலையில் மேஜையைத் துடைக்கும்போது, அது அடுக்கின் அடியில் கிடப்பதைப் பார்த்தாள்.

இடையில் சமத்துவ உறுதிமொழி நாள் வந்தது. நாற்காலி போட்டது அவள். கடைசி வரிசையில் நின்று அவளும் கையை நீட்டினாள்.

பதினோரு மாதம் கழித்துக் கமிட்டியின் பதில் வந்தது. சூப்பரின்டென்டென்ட் சொல்லச் சொல்ல அதை டைப் செய்தவன் நான். பாகுபாடு எதுவும் நடக்கவில்லையாம். மேலும், விண்ணப்பதாரர் நாற்பத்தைந்து வயதைக் கடந்துவிட்டதால் புகார் முடித்துவைக்கப்படுகிறதாம். முடியாது என்று எழுந்திருக்கலாம். எனக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. வெட்கம்கெட்டுப் போய் முற்றுப்புள்ளி வரை அடித்தேன்.

கடிதத்தையும் டெலிவரி புத்தகத்தையும் அவளிடம் நீட்டினேன். கொண்டுபோகிறவளும் அவள்தான், பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான்.

நின்றபடியே படித்து முடித்தாள்.

"நான் வாங்க மாட்டேன்னு சொன்னா என்ன சார் செய்வாவ?"

"திரும்பவும் அனுப்புவாம்மா."

"யார்ட்ட குடுத்து?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.