மோர்மன் கோயில் சுவரை நான் வாசித்த கதை

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் மேசன் கரண்டி பிடித்த கை இது. சிட்னியில் நான் கட்டிய சுவர்களை ஒட்டி நிறுத்தினால் ஹோம்புஷில் தொடங்கி கெல்லிவில்லில் என் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். அந்த வீட்டையும் நானே கட்டினேன். இதையெல்லாம் விடப் பெரிய காரியம் ஒன்று செய்திருக்கிறேன். ஒரு பேராசிரியரின் புத்தகத்தைத் திருத்தியிருக்கிறேன்.

பேராசிரியர் என் பக்கத்து வீட்டுக்காரர், வெள்ளைக்காரர், மோர்மன் சபையைச் சேர்ந்தவர். தன் சபையின் இறையியல், வரலாறு, வாழ்க்கை முறை பற்றி எழுதுவதே அவருக்கு ஆயுள் வேலை. அவருடைய மதில் சரிந்தபோது நான்தான் நிமிர்த்திக் கொடுத்தேன். அன்று தேநீர் நீட்டினேன், வேண்டாம் என்றார். அவர்கள் தேநீரும் கோப்பியும் தொடமாட்டார்களாம். ஏன் தொடுவதில்லை என்பதற்கே முப்பது பக்கம் எழுதியிருந்தார். கேட்டேன், தந்தார்.

எனக்கு இங்கிலீஷ் பேச வரும், பக்கம் பக்கமாக வாசிக்க வராது. ஞாயிறுகளில் மகள் குசினிக் கதிரையில் இருந்து வாசித்துத் தமிழில் சொல்லுவாள். அவர்களுடைய கோயிலில் செய்த கலியாணம் செத்த பிறகும் தொடரும் என்று ஓரிடத்தில் வந்தது. மகள் தாளைக் கீழே வைத்தாள்.

"அம்மாட்டைக் கேட்டனீங்களோ அப்பா, அங்கையும் உங்களோட இருக்க அவவுக்கு விருப்பமோ எண்டு?"

அடுப்படியில் நின்ற என் மனைவி திரும்பவே இல்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள்.

கடைசி அத்தியாயத்தில்தான் சிக்கல். வில்லாவுட் பக்கம் அவர்களுடைய பழைய ஆலயம் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்து வந்த சபைக்காரர்களே மாலை மாலையாகக் கல் அடுக்கிக் கட்டியது என்பது அந்தச் சபையின் பெருமை. பேராசிரியர் கையில் ஒரு பழைய ஒப்பந்தக் கடிதம் சிக்கியது. அதில் காசுக்குக் கட்டிடம் கட்டும் ஒரு கொந்தராத்துக்காரரின் கையெழுத்து இருந்தது. ஆகவே சொந்தக் கையால் கட்டினோம் என்பது சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை என்று எழுதிவிட்டார்.

அது சபையிலிருந்த ஒரு கிழவியின் காதுக்குப் போனது. கல் அடுக்கியவர்களில் ஒருவர் அவருடைய கணவர், இறந்து பல வருடம். என் மனிசனைப் பொய்யனாக்கிவிட்டாய் என்று ஒரே வரியில் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். பேராசிரியர் அந்தக் கடிதத்தை மதிலுக்கு மேலால் என்னிடம் காட்டினார். முகம் வாடியிருந்தது. எழுத்தில் இருப்பதைத்தான் தன்னால் எழுத முடியும், இரண்டு கிழமையில் புத்தகம் அச்சுக்குப் போகிறது என்றார்.

சுவரைப் பார்த்தீரா என்று கேட்டேன். முப்பது வருடமாக அதற்குள்தான் இருந்து ஜெபிக்கிறேன் என்றார். உள்ளே இருந்தால் என்ன தெரியும்? சனிக்கிழமை காலை அவரை என் வான் வண்டியில் ஏற்றினேன்.

வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. முழங்கால் உயரம் வரை சுவர் ஒரே கூத்து. சாந்து ஓரிடத்தில் விரல் தடிப்பு, அடுத்த இடத்தில் கடதாசித் தடிப்பு. மூலைக் கல்லே வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. யன்னல் மட்டத்துக்கு வர வரிசை நேராகிறது. கூரையடிக்குப் போனால் நான் கட்டியதோ என்று எனக்கே சந்தேகம். நாலு பக்கமும் இதே கதைதான்.

கொந்தராத்துக்காரரிடம் வேலை பழகுநர் யாராவது கட்டியிருக்கலாமே என்றார் பேராசிரியர். மூலையைப் பழகுநரிடம் எந்த மேசனும் கொடுக்கமாட்டான் என்றேன். பிறகு என் இங்கிலீஷில் ஒன்று சொன்னேன். தமிழில் அது இப்படி வரும்:

"காசுக்குக் கட்டினவன் எண்டால் இந்த அடிவரிசையை உடைச்சுப்போட்டுத் திருப்பிக் கட்டியிருப்பான். இவங்கள் கட்டிக் கட்டித்தான் பழகியிருக்கிறாங்கள். இது வேலை தெரியாமல் துவங்கி, வேலை தெரிஞ்சு முடிச்ச சுவர்."

அவர் கல்லைத் தடவியபடி ஆலயத்தை ஒரு முறை சுற்றி வந்தார். அன்று பின்னேரமே அந்த ஒப்பந்தக் கடிதத்தோடு எங்கள் குசினிக்கு வந்தார். மகள் வாசித்தாள். அத்திவாரம் இருந்தது, கூரை இருந்தது, மின்சார வேலை இருந்தது. சுவர் என்ற சொல்லே இல்லை. கூரை போட்டவர்தானே சுவரும் கட்டியிருப்பார் என்று பேராசிரியர் தானாகவே வைத்துக்கொண்டாராம். காது சிவக்க ஒத்துக்கொண்டார். பெரிய மனிதர்.

"அப்பா, நீங்கள் உண்மையாவே கெட்டிக்காரன்தான்" என்றாள் மகள். அவள் பல்கலைக்கழகம் போனவள். என் பக்கத்தில் உண்மை இருக்கிறது என்று அதற்கு முன் அவள் ஒத்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அத்தியாயம் மாறியது. ஆலய மண்டபத்தில் வெளியீடு. கேக்கும் பழரசமும் தந்தார்கள். பேராசிரியர் அந்தப் பக்கத்தை எழுந்து நின்று வாசித்தார். எழுத்து சொல்லாததைச் சுவர் சொன்னது, அதை வாசித்துக் காட்டியவர் ஒரு மேசன் என்று வந்தபோது சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி எழும்பி நின்றேன். ஏன் நிற்கக்கூடாது?

முடிந்ததும் சக்கர நாற்காலியில் இருந்த கிழவி என்னைக் கூப்பிட்டார். தன் கணவரின் வேலை எப்படி என்று கேட்டார். வேலை விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை. மேலே அருமை, கீழே மோசம் என்றேன்.

கிழவி தோள் குலுங்கச் சிரித்தார். சாகும்வரை தன் மனிசனும் அதையேதான் சொன்னாராம், அந்த முதல் வரிசைகளை உடைத்துக் கட்ட மற்றவர்கள் விடவில்லையே என்று.

பக்கத்தில் நின்ற பேராசிரியர் உடனே சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அடுத்த பதிப்புக்காம்.