“அவரையே கேளுங்க துரை”

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்னத் தேவாலயத்தில் முன்னால் நின்று ஜெபம் செய்வதும் நான்தான். கண்ணீர் விட்டு ஜெபிப்பவர் என்று எனக்கு ஒரு பெயரே உண்டு.

கொழுந்து ஏற்றும் லோரியை ஓட்டியவர் என்னைவிட இளையவர். இந்துதான், ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்று என் வீட்டுக்கு முதல் ஆளாக வந்துவிடுவார்.

ஒரு நாள் காலை என்னிடம் வந்தார். “அண்ணே, பிரேக் சரியா பிடிக்கல. ஒர்க்‌ஷாப்புல விடணும்லா.”

அன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். எனக்குப் பதவி உயர்வு ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரம். அவர்கள் கண் முன்னால் கொழுந்து தேங்கிக் கிடந்தால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

“இன்னிக்கு மட்டும் மெதுவா ஓட்டிக்க தம்பி. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று அனுப்பிவிட்டேன்.

மதியத்துக்குள் லோரி இறக்கத்தில் வளைவு தாண்டிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். மேனேஜரை நாங்கள் இன்னமும் அப்படித்தான் சொல்வோம். பிரேக் கோளாறு பற்றி டிரைவர் முன்கூட்டியே உங்களிடம் சொன்னாரா என்று கேட்டார்.

“இல்ல துரை. ஒண்ணும் சொல்லல.”

யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

கவனக்குறைவு என்று எழுதி அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். எனக்குப் பதவி வந்தது. அந்த ஞாயிறு அதற்காக நன்றி ஜெபமும் ஏறெடுத்தேன்.

மனசு கேட்காமல் ஒரு நாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அவர் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை.

“துரை இங்க வந்து விசாரிச்சப்போ நான்தாண்ணே சொன்னேன். ‘நான் சொல்றத நம்பலன்னா அவரையே கேளுங்க துரை. ஜெபம் பண்றவரு, பொய் சொல்லமாட்டாரு’ன்னு.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஆப்பிள் பையை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது. ஜெபிக்க நிற்பேன், வார்த்தை வராது. கடைசியில் துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் பதவி போனது. அவரைத் திரும்ப அழைத்துவரத் துரை ஆள் அனுப்பினார். அவர் வரவில்லை.

கம்போங் ராஜா என்ற ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்தில் அவரைப் பார்த்தேன். இனி லோரி ஓட்ட முடியாதாம். காலை நீட்டி உட்கார்ந்து தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிடு தம்பி” என்றேன்.

“துரைகிட்ட சொல்லிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். அப்பவே சொல்லியிருக்கலாம்லண்ணே” என்றார். பிறகு குனிந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடவுள் என்னை மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் என் விசுவாசத்தை நம்பித் தன் பிழைப்பையே என் கையில் ஒப்படைத்த ஒருவரை நான் கைவிட்டேன் என்ற எண்ணம், கண்ணை மூடி ஜெபிக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் வந்து நிற்கிறது.