பதினேழாம் தேயிலைச் செடி

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தூறல். பனிமூட்டத்தில் ஐந்து செடிகளுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இலங்கையில், எல்ல ஊருக்கு மேலே, நான் பிறந்த தோட்டத்தில், பிளந்த பாறையிலிருந்து தேயிலைச் செடிகளை எண்ணிக்கொண்டே போனேன். பதினேழாவது செடியின் மேல் கையை வைத்தேன்.

"ஐயா, தேயிலைய எண்ணாதீங்க, ரூம எண்ணுங்க. டூரிஸ்டுக்கு விடுற மூணு வீடு, ஆறு ரூம். வருமானம் அதுலதான்" என்றார் குடையோடு பின்னால் வந்த தரகர்.

"இந்த இடத்தில் யாராவது கட்டுவார்களா?"

"நாலாவது வீட்டுக்கு இதவிட நல்ல இடம் ஏதுங்க? நீங்க எடுக்காட்டி அடுத்தவர் கட்டுவார்."

அதற்காகத்தான் எடுத்தேன். 1974-இல், பிறந்து பதினோராம் நாள் எங்கள் மகள் இறந்தாள். தோட்டத்தில் பச்சைக் குழந்தைக்குக் கல் நாட்டுவதில்லை. செடிக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு, எத்தனையாவது செடி என்று எண்ணி வைத்துக்கொள்வோம். இரு நாட்டு ஒப்பந்தப்படி எங்களைத் திருப்பி அனுப்ப, அதே வருடம் கப்பலேறி இந்தியாவுக்குப் போனோம். கோத்தகிரியில் நான் கணக்கு ஆசிரியராக இருந்த காலமெல்லாம் என் மனைவி அந்தப் பதினேழை மறக்கவில்லை. சாவதற்கு முன் சொன்னாள், "புள்ளைய தனியா விட்டுட்டு வந்துட்டோம். நீங்களாச்சும் போங்க."

இப்போது இது எனக்கு வெளிநாடு. காணியை என் பெயருக்கு எழுத முடியாது, குத்தகை மட்டுமே என்றார் பதுளை வழக்கறிஞர். முப்பது வருடம். எனக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. முடியும்போது நூற்று மூன்று. கோத்தகிரி வீட்டை விற்ற பணத்தில் கையெழுத்திட்டேன்.

கையெழுத்திட்ட பின் வந்த வெள்ளிக்கிழமை, மனைவியின் கல்லறையிலிருந்து பிஸ்கட் டின்னில் கொண்டுவந்திருந்த மண்ணோடு போனேன். வாடகை வீடுகளைக் கூட்டித் துடைக்கும் பெண் அங்கே இருந்தாள். முன்பு கொழுந்தெடுத்தவள். நான் குனிந்து செடியடியில் தோண்டுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன தாத்தா, புதையலா?"

சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"எந்த வருசங்க?"

"எழுபத்து நாலு."

"ஐயோ, பழைய தேயிலைய வேரோட புடுங்கிட்டாங்களே! இது புதுசா நட்டது. அப்போ நாலடிக்கு ஒரு செடி. இது ரெண்டடிக்கு ஒன்னுங்க."

நாற்பத்தொன்பது வருடம் எண்ணிக்கையை வைத்திருந்த நான், இடைவெளியை நினைக்கவில்லை. கணக்கு ஆசிரியர். பதினேழை நாலால் பெருக்கினால் அறுபத்தெட்டு அடி. நான் நின்றது முப்பத்து நாலில். அளவு நாடாவின் நுனியை அவள் பாறையில் பிடித்துக்கொள்ள, நான் நடந்தேன். அறுபதாம் அடியில் மூன்றாவது வீட்டின் சுவர். மீதி எட்டடியை உள்ளே அளக்க வேண்டும். உள்ளே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இருந்தார்கள். இரண்டு இரவுகள் பாக்கி.

ஞாயிறு காலை அவர்கள் பெட்டியோடு இறங்கும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகத் தூங்கினோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அளந்த இடம் கட்டிலுக்கு அடியில் வந்தது. கட்டிலை இருவருமாக நகர்த்தினோம்.

"இந்த வீட்டுக்கு மண்ணு சுமந்தேங்க. அஸ்திவாரம் ஆழமா வெட்டினாங்க" என்றாள்.

"அந்த மண்ணை எங்கே கொட்டினார்கள்?"

அவள் கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "ரோட்டுப் பள்ளத்த நெரப்ப லொறியில போச்சுங்க. அங்க புள்ள இருந்தது எனக்குத் தெரியாதுங்களே."

எத்தனை லொறி என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை.

இருந்தாலும் தரைக்கல் ஒன்றைப் பெயர்த்து, டின்னில் இருந்ததைக் கொட்டி மூடினேன். அந்த வீட்டை நான் வாடகைக்கு விடுவதில்லை. அதில்தான் படுக்கிறேன். குத்தகை, வரி, வழக்கறிஞர், தரகர், கடைசியாக ஒரு தரைக்கல், ஒரு மூட்டை சிமெந்து எல்லாம் சேர்த்து ஒரு கோடியே ஏழு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.